எங்கே தட்டினாலும் மறுபடி படிக்கும்

ஜனவரி 4

என் மகளுக்கு,

அப்பாதான். வேறு யாரையாவது வைத்து எழுதியிருப்பேன் என்று நினைக்காதே. என் கை, என் பேனா.

நம் பஸ் பணிமனையில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாரே கண்ணாடிக்கார அம்மா, அவர் ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கவில்லை. சங்கக் கட்டடத்து மாடியில் எங்களைப் போன்றவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறார். மழைக்காலத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். உன்னிடம் போனில் மூச்சு விடவில்லை. ஒரு முழுக் கடிதம் எழுத வந்த பிறகுதான் சொல்வது என்று வாயைக் கட்டி வைத்திருந்தேன். காலையில் உட்கார்ந்தேன், இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. வண்டி கழுவிய காலத்தில்கூட விரல் இப்படி வலித்ததில்லை.

மகளே, ஊர் முழுக்க எழுத்தாக இருக்கிறது! சுவர், கதவு, தண்ணீர்த் தொட்டி, மருந்துக் குப்பியின் மூடி, ஒன்று விடவில்லை. எல்லாம் என்னைப் பார்த்துப் பேசுகிறது. நம் தெரு முனையில் நான் வழக்கமாகக் குப்பை கொட்டுவேனே, அந்தச் சுவரில் ஆளுயரத்துக்கு ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று எழுதியிருக்கிறது. சோப்பு விளம்பரம் என்று நினைத்திருந்தேன். எதிர் வீட்டம்மா ஏன் என்னை முறைத்துக்கொண்டே இருந்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

எனக்கு இன்னும் மனதுக்குள் படிக்க வராது. உதடு அசைந்தால்தான் எழுத்து உள்ளே இறங்கும். வகுப்பில் கூட உட்காரும் டயர்க்காரர் நேற்று, “யோவ், போஸ்டரை எல்லாம் நின்னு நின்னு படிக்கிற. உன்கூட கடைக்கு வந்தா வீடு போய்ச் சேர முடியாதுய்யா” என்று கத்தினார்.

உன் மாநாட்டுக்கு மேடை ஏற வரச் சொன்னாயே. ஒலிபெருக்கியும் கொடியும் இருக்குமா? கட்டாயம் வருவேன். தாளில் உள்ளதைப் போனே படித்துச் சொல்ல நீ எழுதிய செயலியைக் காட்டு. அதன் பிறகு உன் மேனேஜர் நீட்டும் தாளை நான் போன் இல்லாமலே படிக்கிறேன். அத்தனை பேரும் வாயைப் பிளக்கட்டும்.

பதிலைப் போனில் சொல்லிவிடாதே. எழுதி அனுப்பு. எனக்குக் கடிதம் வர வேண்டும்.

படித்துவிட்ட
உன் அப்பா


ஜனவரி 12

அப்பா,

பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுதுகிறேன். உதடு வலித்தால் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அழுதுவிட்டேன். மேலே இருந்து இறங்கி வந்த ஒருவர், “வீட்ல ஏதாவதா?” என்று கேட்டார். என்ன சொல்வது? வீட்டில் நல்ல செய்தி என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த மாநாட்டில் சங்கக் கூட்டம் மாதிரி கொடியெல்லாம் இருக்காது. பெரிய ஓட்டல் ஒன்றின் அரங்கு. எங்களைப் போல மென்பொருள் எழுதுகிறவர்கள் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவராக மேடையேறி, தான் செய்ததைக் காட்டிப் பேச வேண்டும். யார் பேசுவது என்று தேர்ந்தெடுக்க, போன வருடமே விண்ணப்பம் வாங்கிவிட்டார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து இதுவரை ஒருவரையும் எடுத்ததில்லை. என்னை எடுத்தார்கள். எதற்காக எடுத்தார்கள் தெரியுமா? உங்களுக்காக. நான் கொடுத்த தலைப்பு, ‘என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.’ அச்சாகிவிட்டது அப்பா. இதோடு அந்தக் கையேட்டையும் வைத்திருக்கிறேன்.

மேடையில் நீங்கள் பார்த்தே இராத ஒரு தாளைக் கொடுப்பார்கள். நீங்கள் போனை அதன் மேல் காட்டுவீர்கள், செயலி சத்தமாகப் படிக்கும், நீங்கள் சிரிப்பீர்கள். இதுதான் திட்டம். இதில் நீங்களே படித்துவிட்டால் நான் எதற்காக அந்த மேடையில் நிற்கிறேன்?

மாநாடு மார்ச் 3. அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் அப்பா. மேடையில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், போன வருடம் எப்படி இருந்தீர்களோ அப்படி இருந்தால் போதும். பொய்தான். அதற்குப் பிறகு நானே ஊரைக் கூட்டிச் சொல்கிறேன்.

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்கிறேன். சின்ன வயதிலிருந்து உங்களுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டியது நான். வேலைக்காக இங்கே வந்த பிறகு யார் படிப்பார்கள் என்றுதான் ராப்பகலாக அந்தச் செயலியை எழுதினேன். அது உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கும்போது வகுப்புக்கு ஏன் போனீர்கள்?

பெருமையும் பயமுமாக,
உங்கள் மகள்


ஜனவரி 20

மகளுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் பெயரைப் படிக்கும் முன்னாலேயே நான் படித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கையேட்டையும் பார்த்தேன். வழவழப்பான தாள். உன் படம் இருந்தது, நன்றாக இருந்தது, முடியை மட்டும் வாரியிருக்கலாம். படத்துக்கு மேலே இருந்த தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அச்சில் என்னைப் பற்றி வந்ததை நான் படிப்பது இதுதான் முதல் தடவை. ‘என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.’ கடைசி எழுத்து வரை தப்பில்லாமல் படித்தேன். டீச்சரிடம் காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு மாடிப்படி வரை போனேன். பிறகு காட்டவில்லை.

சரி, உனக்காகச் செய்கிறேன். உன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது ஒன்றுமே இல்லை என்று எத்தனையோ நாள் நடித்தவன்தானே, இது என்ன பெரிய நடிப்பு.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? படிக்காமல் இருப்பது படிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. நேற்று முழுக்கப் பழகிப் பார்த்தேன். பணிமனை வாசலில் நின்று வண்டிப் பலகைகளை வெறும் கோடாக, வளைவாகப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. கண் பட்டதும் அது ஊர்ப் பெயராகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். டயர்க்காரர் வந்து, “என்னய்யா, மயக்கமா?” என்று தண்ணீர் தெளித்துவிட்டார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “உம் பொண்ணுக்கு வேற தலைப்பே கெடைக்கலயா?” என்றார். நீ படித்தவள், உனக்குத் தெரியும் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

ஒத்திகைக்கு நீ போனில் வரச் சொன்ன தேதியில் வருகிறேன். நீ கடைசியில் கேட்டதற்குப் பதில் நேரில் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

உன் சொல்படி நடக்கும்
அப்பா


பிப்ரவரி 9

அப்பா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அணைத்தே வைத்துவிட்டீர்கள் என்று டயர்க்கார மாமா சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதல் ஒத்திகைக்கு மறுநாள் விடிந்து எழுந்து பார்த்தால் என் வீட்டில் உங்கள் பை இல்லை, செருப்பு இல்லை. படுக்கையை மடித்து வைத்திருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக முடியாதா? இரண்டாவது ஒத்திகைக்கு நீங்கள் வருவீர்கள் என்று ஒளிப்பதிவுக்காரர் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். நான் தனியாகப் போய் நின்றேன்.

உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, தெரியும். நெட் மெதுவாக இருந்ததால் செயலி படிக்கத் தாமதமானது. அரங்கமே அமைதி. நீங்கள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் முகம் பின்னால் இருந்த திரையில் சுவர் அளவுக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. நான் பார்த்தேன், மேனேஜரும் பார்த்தார். அவர் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. சிரித்தார். “ஐயா, வாயில ஒரு மிட்டாய் போட்டுக்குங்க, உதடு அசையாது” என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். நீங்களும் வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். மறுபடி செய்து காட்டினீர்கள். நன்றாகத்தானே வந்தது? எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டீர்கள். களைப்பு என்று நினைத்தேன்.

மேனேஜர் இப்போது, “அப்பா வரலன்னா போகட்டும். போன வருஷம் எடுத்த வீடியோ இருக்குல்ல, அதைப் போட்டுக்கலாம்” என்கிறார். அதில் நீங்கள் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, போன் படிப்பதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அது பொய் இல்லை. அதைப் போடுவதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

போன கடிதத்தில் கேட்டேன், நீங்கள் நழுவிவிட்டீர்கள். நேரில் சொல்கிறேன் என்றீர்கள், சொல்லாமல் போய்விட்டீர்கள். நான் உங்களுக்காகச் செய்ததை நீங்கள் ஒரு நாளாவது பயன்படுத்தினீர்களா? இல்லை, மகள் மனம் நோகக் கூடாது என்று சட்டைப்பையில் சும்மா சுமந்தீர்களா?

மகள்


பிப்ரவரி 16

மகளுக்கு,

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லிவிட்டு வந்தால் நீ நிற்கச் சொல்வாய், நான் நின்றுவிடுவேன். அதற்குப் பயந்து வந்துவிட்டேன்.

அந்த மிட்டாய் எலுமிச்சை வாசனை. கரையும் வரை வாயில் வைத்திருந்தேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று நான் படித்துவிட்டேன். வீட்டு வாடகை ரசீது. உதடு அசையாமலே படித்துவிட்டேன், அன்றைக்குத்தான் எனக்கு மனதுக்குள் படிக்க வந்தது. வகுப்பில் எவ்வளவோ முயன்றும் வராதது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத இடத்தில் வந்தது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பாதி எழுதி இரண்டு தடவை கிழித்தாயிற்று. இது உனக்கு மட்டும்.

பயன்படுத்தினேன். நீ போன புதிதில் எங்கே போனாலும் பயன்படுத்தினேன். ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை முடிந்து சீட்டு கொடுத்தார்கள். மருந்து வாங்கும் இடத்தில் நல்ல கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்து, நீ சொல்லிக் கொடுத்தபடி சீட்டின் மேல் போனைப் பிடித்தேன். அது படித்தது. உன் செயலிக்கு நல்ல குரல் அம்மா, கணீரென்ற குரல். ‘நோயாளிக்குச் சிறுநீரை அடக்க முடியவில்லை, துணி நனைகிறது’ என்று படித்தது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நிறுத்துவதற்காகத் தட்டினேன். அது முதலிலிருந்து ஆரம்பித்தது. வேறு இடத்தில் தட்டினேன். மறுபடி முதலிலிருந்து. பதற்றத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன், அதுவும் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் சட்டைக்குள் போட்டு அமுக்கிப் பிடித்தேன், நெஞ்சுக்குள்ளிருந்து பேசியது. பக்கத்தில் இருந்த அம்மா தன் சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். பின்னால் ஒருவன், “தாத்தா, ஊருக்கே அறிவிப்பு குடுக்குறீங்களா?” என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மருந்து வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் சேர்ந்தேன்.

உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ கேட்டாய், அதனால் எழுதினேன். இப்போது மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். குணமாகி வருகிறது. கவலைப்படாதே.

அப்பா


பிப்ரவரி 22

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கணினியைத் திறந்து அந்த இடத்தைத் தேடினேன். ‘திரையில் எங்கே தட்டினாலும் மறுபடி படிக்கும்.’ அதை எழுதியது நான்தான், வேறு யாரும் இல்லை. நிறுத்துவதற்குத் தனிப் பொத்தான் வைத்தால் அதன் மேல் இருக்கும் எழுத்தை உங்களால் படிக்க முடியாதே, ஒரு முறை கேட்டது புரியாவிட்டால் எங்கே தொட்டாலும் திரும்பச் சொல்லட்டுமே என்று உங்களை நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். எழுதிய அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

மாற்றிவிட்டேன். இனி போனைக் காதில் வைத்தால்தான் படிக்கும். எடுத்தால் நின்றுவிடும். கவிழ்த்து வைத்தாலும் நின்றுவிடும்.

ஆனால் அப்பா, மாநாட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் எதையும் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஏன் தொட்டாய் என்று மேனேஜர் கேட்டார். சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்த மாற்றத்தை அவர் அனுமதித்திருக்க மாட்டார்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “இதாம்மா பேச்சு! வீடியோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதைச் சொல்லி ஆரம்பி, அரங்கமே உன் கையில” என்றார். எனக்கும் அது தெரிகிறது. இவ்வளவு மாதமாகத் தயாரித்த எந்தப் படமும் எந்த வரியும் அந்த ஒரு பெஞ்சுக்கு ஈடாகாது. உங்கள் பெயர் வராது. என்ன நோய் என்றும் சொல்ல மாட்டேன். ‘என் அப்பா’ என்று மட்டும் சொல்லுவேன். உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேருக்கு இது உதவும் என்று நினைத்துப் பாருங்கள்.

சொல்லலாமா?

மகள்


பிப்ரவரி 26

மகளுக்கு,

உனக்கு மட்டும் என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்தாயா?

ஆஸ்பத்திரியில் உரக்கப் படித்ததற்குப் போன் பொறுப்பில்லை. அதற்குத் தெரியாது. நீ தெரிந்தே உரக்கப் படித்துவிட்டாய்.

சொல்லாதே என்று நான் சொல்ல மாட்டேன். உன் வேலை, உன் மேடை. சின்ன வயதிலிருந்து என் கண் நீதான். நீ எதைச் சொன்னாலும் எனக்கு அதுதான் எழுத்து. ஆனால் இதற்கு மேல் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தால், இது எத்தனை பேருக்குப் போகும் என்று கை நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மார்ச் 6

அப்பா,

நீங்கள் இதைப் பிரிக்காமல் வைத்துவிடலாம். பிரித்தால் படியுங்கள்.

மாநாடு முடிந்தது. அரங்கு நிரம்பியிருந்தது. நான் மேடையேறும்போது பின்னால் திரையில் அந்தத் தலைப்பு பெரிதாகத் தெரிந்தது. கையேட்டில் அச்சானதை மாற்ற முடியாது, திரையில் இருந்ததையாவது மாற்றியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடைசி நிமிடம் வரை எந்தப் பேச்சைப் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் உண்மை.

மைக்கைப் பிடித்து, “இந்தத் தலைப்பு இப்ப உண்மை இல்ல. அவருக்கு நல்லாப் படிக்கத் தெரியும்” என்றேன். சிலர் சிரித்தார்கள். கதை வரப்போகிறது என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் மேனேஜர் தலையை ஆட்டி ஆட்டி, “சொல்லு, சொல்லு” என்று சைகை காட்டினார். நான் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். செயலி எப்படி எழுத்தை அடையாளம் காண்கிறது, எங்கே தவறு செய்கிறது, எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், இவ்வளவுதான் பேசினேன். வீடியோவும் போடவில்லை. பாதியில் பலர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்கள். பின் வரிசையில் ஒருவர் நன்றாகவே தூங்கினார்.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, “காதுல வெச்சாத்தான் படிக்கும்ங்கிறது உங்களுக்கு எப்படித் தோணிச்சு? யாருக்காவது ஏதாவது நடந்துச்சா?” என்று கேட்டாள். சொல்லியிருந்தால் அந்தக் காபிக்காரர்கள்கூடத் திரும்பி வந்திருப்பார்கள். “ஒருத்தர் சொன்னாங்க” என்றேன். “யாரு?” என்றாள். “எங்கிட்ட மட்டும் சொன்னாங்க” என்றேன். அதோடு நேரம் முடிந்துவிட்டது.

மேனேஜருடைய வண்டியில்தான் திரும்பி வந்தேன். இறங்கும்போது அவர், “கையில இருந்ததைக் கீழ போட்டுட்டு வந்துட்ட” என்றார். அடுத்த முறை என்னை அனுப்ப மாட்டார்கள். இந்தச் செயலி வேலையையே வேறு குழுவுக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. வருத்தமில்லை என்று எழுத முடியாது. நிறைய வருத்தம்.

மேனேஜரிடம் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அவர் ஒருவருக்குத் தெரியும். அது என் தவறு, அப்படியேதான் இருக்கும்.

பதில் எழுதியாக வேண்டும் என்று இல்லை.

உங்கள் மகள்


மார்ச் 14

மகளே,

உன் கடிதம் வகுப்பு நேரத்தில் வந்தது. வீட்டில் நான் இல்லை என்று தபால்காரர் மாடி வரை ஏறி வந்து கொடுத்தார். எல்லார் கண்ணும் என் கையில். மாநாடு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அத்தனை பேருக்கும் ஆசை. “பிரிங்க, பிரிங்க” என்று ஒரே சத்தம். டீச்சர்கூடக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். பக்கத்துப் பணிமனையில் கழுவி நிறுத்தியிருந்த வண்டி ஒன்று காலியாக இருந்தது. ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பின் இருக்கையில் போய் உட்கார்ந்து படித்தேன். உதடு அசைந்ததா இல்லையா என்று தெரியாது, பார்க்க யாரும் இல்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

மனம் முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உன் மேனேஜர் என்னை எங்காவது பார்த்தால் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சும் அவர் கூடவே வரும். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. உன் வேலையை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் எழுதுகிறேன்.

எனக்கு வந்த எந்தக் கடிதமும் எனக்கு மட்டும் வந்ததில்லை. உன் அம்மா ஊரிலிருந்து வந்தது, பணிமனையிலிருந்து வந்தது, எல்லாமே முதலில் யாரோ ஒருவர் வாயில் புகுந்துதான் என் காதுக்கு வரும். படிக்கிறவர் முகத்தைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

வண்டியை விட்டு இறங்கும்போது டயர்க்காரர் படிக்கட்டோரம் காத்து நின்றார்.

“யாரு எழுதியிருக்கா?”

“எம் பொண்ணு.”

“அது தெரியுதுய்யா. என்ன எழுதியிருக்கா?”

“எனக்கு எழுதியிருக்கா” என்று சொல்லிவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்பா